கொம்பை அடக்கிய காட்டெருமை

மடுவில் தண்ணீர் குடிக்கப் போன பொன்னி என்ற புள்ளிமான் திரும்பி வரவில்லை.

அதன் குட்டி மட்டும் வந்தது. கால்கள் நடுங்க, புதரை உரசிக்கொண்டு, தனியாக வந்தது. அதன் முதுகில் ரத்தம் தெறித்திருந்தது. அது குட்டியின் ரத்தம் அல்ல.

"அம்மா எங்கே?" என்று மரத்தின் மேலிருந்த மந்தி கேட்டது.

 குட்டி மடு இருந்த பக்கமாய் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு நின்ற இடத்திலேயே படுத்துக்கொண்டது.

அது கடுங்கோடை. காட்டில் ஓடைகள் எல்லாம் வற்றிவிட்டன. மலையடிவாரத்தில் இருந்த அந்த ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதுவும் சுருங்கிச் சுருங்கி, ஓரமெல்லாம் சேறாகிக் கிடந்தது. மடுவுக்கு மேலே பெரிய பாறைகள். அந்தப் பாறை இடுக்கில் ஒரு சிறுத்தை குடியிருந்தது.

குடிக்காமல் இருந்தால் தாகத்தில் சாக வேண்டும். குடிக்கப் போனால் சிறுத்தையின் வாயில் சாக வேண்டும். விலங்குகள் என்ன செய்யும்? நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டும்வரை காத்திருக்கும். பிறகு ஓடிப்போய் இரண்டு வாய் குடிக்கும். மூன்றாவது வாய் தொண்டையில் இறங்காது. சருகு ஒன்று விழுந்தாலும் உடம்பு தூக்கிப்போடும். பொழுது சாயும்போது பாறைகளுக்கு நடுவிலிருந்து மரம் அறுப்பதுபோல ஒரு சத்தம் வரும். அது சிறுத்தையின் குரல். அது கேட்டதும் குருவிகள்கூட வாயை மூடிக்கொள்ளும்.

அன்று விலங்குகள் எல்லாம் ஒரு மருதமரத்தின் அடியில் கூடின.

"இதை இப்படியே விடலாமா?" என்று உறுமியது கட்டையன். கட்டையன் ஒரு காட்டுப்பன்றி. எதற்கெடுத்தாலும் அதற்குக் கோபம் வரும். "எல்லோரும் சேர்ந்து பாறைக்கு ஏறுவோம்! அந்தச் சிறுத்தையைக் கிழித்துப் போடுவோம்!"

"யார் முன்னால் போவது?" என்று கேட்டது மந்தி.

கட்டையன் சுற்றிலும் பார்த்தது. யாரும் அசையவில்லை. கட்டையனின் கால்களும் நின்ற இடத்தில்தான் நின்றன.

"முகிலி போகட்டும்!" என்றது கட்டையன். "நம்மில் பெரியவள் அவள்தானே!"

முகிலி ஒரு காட்டெருமை. கட்டையன் நிமிர்ந்து நின்றாலும் அதன் வயிற்றைத்தான் தொடும். கழுத்து அடிமரம் போல இருக்கும். கொம்புகள் இரண்டும் வளைந்து, முனை மட்டும் கறுத்து மின்னும். ஆனால் அந்தக் கொம்பு யாரையும் குத்தி ஒருவரும் பார்த்ததில்லை. மடுவின் சேற்றில் முகிலி படுத்திருக்கும்போது கட்டையன் வந்து, "ஏய், நகரு! இது என் சேறு!" என்று முட்டும். முகிலி எழுந்து வேறு பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். அதைப் பார்த்து மந்திகள் கிளைகளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

"நான் பாறைக்கு ஏறமாட்டேன்," என்றது முகிலி. "ஆனால் இனிமேல் தண்ணீர் குடிக்க எல்லோரும் சேர்ந்து போவோம். பாறைப் பக்கம் நான் நிற்கிறேன். குட்டிகள் முதலில் குடிக்கட்டும்."

"நின்று என்ன செய்வாய்? வேடிக்கை பார்ப்பாயா?" என்று கத்தியது கட்டையன். "உன் கன்றையே காப்பாற்றத் தெரியாதவள் நீ!"

கூட்டம் சட்டென்று அடங்கிப்போனது.

போன பனிக்காலத்தில் முகிலியின் கன்றை இதே சிறுத்தைதான் கொண்டுபோனது. மூடுபனி விலகியபோது முகிலிக்குக் கிடைத்தது ஒரு சிறு குளம்பு மட்டும்தான். அது எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் அதன் எதிரில் பேசியதில்லை.

முகிலியின் மூச்சுப் பட்டுத் தரையில் கிடந்த தூசி கிளம்பியது. அதன் முன்னங்கால் மண்ணை ஒருமுறை தோண்டியது. எல்லா விலங்குகளும் பின்னால் நகர்ந்தன. கட்டையனும் நகர்ந்தது.

பிறகு முகிலி கண்களை மூடிக்கொண்டது.  திரும்பி, பொன்னியின் குட்டி படுத்திருந்த இடத்துக்குப் போய், அதற்கு நிழல் விழும்படி நின்றுகொண்டது.

"பயந்தாங்கொள்ளி!" என்று முணுமுணுத்தது கட்டையன்.

அப்போது சிங்காரம் முன்னால் வந்தது. சிங்காரம் ஒரு கடமான். கிளை கிளையாகப் பிரிந்த பெரிய கொம்பு அதற்கு. காட்டிலேயே கூர்மையான மூக்கும் அதற்குத்தான். சிறுத்தையின் வாடை வந்தால் முன்னங்காலை ஓங்கித் தரையில் உதைத்து, "டாங்க்!" என்று கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓடித் தப்பியவை ஏராளம்.

"கட்டையா, ஆத்திரப்படாதே!" என்றது சிங்காரம். "நாம் சாந்தமாக இருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். சத்தம் போடக்கூடாது. யாரையும் எதிர்க்கக்கூடாது. சாந்தமுள்ளவர்களை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்."

"எவ்வளவு நல்ல பேச்சு!" என்று முயல்கள் தலையாட்டின.

பேசும்போது சிங்காரத்தின் பின்னங்கால்கள் இரண்டும் வெடவெடத்துக்கொண்டிருந்தன. அதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில் சிங்காரம் யாருக்கும் தெரியாமல் தனியாக மடுவுக்குப் போனது. முகிலி சொன்னபடி கூட்டத்தோடு போனால் குடிக்கத் தன் முறை எப்போது வருமோ என்ற கவலை அதற்கு. குனிந்து முதல் வாய் குடித்தது. அப்போது தலைக்கு மேலே பாறையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஓடாதே சிங்காரம். ஓடினால் பிடித்துவிடுவேன்."

சிங்காரத்தின் வாயிலிருந்து தண்ணீர் ஒழுகியது.  அது மெல்ல நிமிர்ந்து பார்த்தது. சிறுத்தை பாறை விளிம்பில் சாவகாசமாகப் படுத்திருந்தது. வால் நுனி மட்டும் அசைந்தது.

"நீ ரொம்பச் சாந்தமானவன் என்று கேள்விப்பட்டேன்," என்றது சிறுத்தை.

"ஆ... ஆமாம்."

"நல்லது. அப்படியே இரு. என் வாடை வந்தால் காலை உதைக்காதே. கத்தாதே. வாயை மூடிக்கொண்டு சும்மா நில். உன்னை நான் தொடவே மாட்டேன்."

"மற்றவர்களை?"

"அது உனக்கு எதற்கு?"

 சிங்காரம் கொம்பு கிளைகளில் இடிக்கத் திரும்பி நடந்தது. "நான் யாருக்கும் கெடுதல் செய்யவில்லையே," என்று வழி நெடுகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. "சும்மாதானே இருக்கப் போகிறேன்? சாந்தமாக இருப்பது தப்பா?"

அடுத்த நாள் காலையில், முகிலி வருமுன்பே மடுவுக்கு இறங்கிய ஓர் இளமான் சிறுத்தைக்கு இரையாயிற்று. "டாங்க்!" என்ற சத்தம் எழவே இல்லை. கோரைப்புல் அசைந்தது. ஒரு அலறல். அவ்வளவுதான்.

"சிங்காரத்தின் மூக்குக்கே தப்பிவிட்டதா?" என்று நடுங்கின விலங்குகள். "வாடையே இல்லாத சிறுத்தையா? அது சிறுத்தைதானா, பேயா?"

அதற்குப் பிறகு பயம் இரண்டு மடங்காயிற்று. எந்தப் புதரைப் பார்த்தாலும் அதற்குள் இரண்டு கண்கள் இருப்பதுபோலத் தோன்றியது. தாய்கள் குட்டிகளைத் தண்ணீருக்குக் கூட்டிப் போக அஞ்சின. தாகம் தாங்காமல் ஒரு முயல் ஈரமண்ணை நக்கிக்கொண்டு கிடந்தது. சிங்காரத்திடம் போய், "அண்ணே, வாடை வருகிறதா? இப்போது போகலாமா?" என்று ஒவ்வொன்றும் கேட்டது. சிங்காரம் யார் முகத்தையும் பார்க்காமல், "போகலாம்," என்றது.

அன்று வெயில் தாழ்ந்ததும் எல்லாம் கூட்டமாக மடுவுக்கு இறங்கின. முகிலி சொன்னபடியே பாறைப் பக்கம் போய் நின்றது. சேற்றில் அதன் குளம்புகள் புதைந்தன. பொன்னியின் குட்டி அதன் காலருகே குனிந்து தண்ணீரில் வாய் வைத்தது. கொஞ்சம் தள்ளி, கோரைப்புல் ஓரமாகச் சிங்காரம் நின்றது.

காற்று திரும்பியது.

சிங்காரத்தின் மூக்குத்துளைகள் விரிந்தன. அதன் முன்னங்கால் தானாகவே மேலே எழுந்தது. எழுந்த கால் அந்தரத்தில் நின்றது. பிறகு, சத்தமே வராமல், மெதுவாகத் தரையில் இறங்கியது.

முகிலி அதைப் பார்த்துவிட்டது!

நினைக்க நேரமில்லை. முகிலி உடம்பை அப்படியே திருப்பிக் குட்டிக்குக் குறுக்கே போட்டது. அதே நொடியில் பாறையிலிருந்து சிறுத்தை பாய்ந்தது. குட்டியின் கழுத்தில் இறங்க வேண்டிய நகங்கள் முகிலியின் தோளைக் கிழித்தன. முகிலி தோளை உலுக்கியது. மரம் முறிந்து விழுவதுபோலச் சிறுத்தை சேற்றில் போய் விழுந்தது.

எழப் பார்த்தது. முடியவில்லை. பின்னங்கால் ஒன்று பாறைக்கும் வேருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. இழுக்க இழுக்கச் சேறு இன்னும் உள்ளே வாங்கியது.

முகிலி நெருங்கிப் போனது. கொம்பின் முனையைச் சிறுத்தையின் விலாவில் வைத்தது.

"குத்து!" என்று அலறியது கட்டையன்.

"குத்து! குத்து!" என்று மந்திகள் மரங்களை உலுக்கின. ஓடி ஒளிந்தவை எல்லாம் திரும்பி வந்து கத்தின.

சிறுத்தையின் நெஞ்சு கொம்புக்கு அடியில் படபடவென்று அடித்துக்கொள்வது முகிலிக்குத் தெரிந்தது.

"என் கன்றைக் கொண்டுபோனது நீதானே?" என்று கேட்டது முகிலி.

"ஆமாம்."

"பொன்னியை?"

"ஆமாம். குத்துவதென்றால் சீக்கிரம் குத்து. பாறை இடுக்கில் என் குட்டிகள் இருக்கின்றன. அவை இன்னும் கண் திறக்கவில்லை. அவற்றை மட்டும் விட்டுவிடு."

முகிலியின் கண் முன்னால் அந்தச் சிறு குளம்பு வந்து நின்றது. கழுத்து முறுக்கேறியது. கொம்பு தானாகவே கொஞ்சம் உள்ளே அழுந்தியது. சிறுத்தையின் தோலில் ஒரு சொட்டு ரத்தம் அரும்பியது.

முகிலிக்குப் பயம் வந்தது. அத்தனை நாள் சிறுத்தையைப் பார்த்துக்கூட அது அப்படிப் பயந்ததில்லை. இன்னும் ஒரு மூச்சு விட்டால் போதும், கொம்பு மறுபக்கம் வந்துவிடும். அதை நிறுத்தத் தன்னால் முடியாது என்று அதற்குத் தெரிந்தது.

"ஆண்டவரே!" என்று மனதுக்குள் கூப்பிட்டது முகிலி. "இந்தக் கொம்பைப் பிடித்துக்கொள்ளும்! இப்போது என்னால் முடியவில்லை!"

கொம்பு நின்றது.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றதோ! பிறகு முகிலி ஓர் அடி பின்னால் வைத்தது.

"கேள்," என்றது அது. "உன் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு இன்றைக்கே மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் போய்விடு. மறுபடி இந்த மடுவுக்கு வந்தால் முதலில் என் எதிரில்தான் நீ வர வேண்டியிருக்கும். நான் நகரமாட்டேன்."

சொல்லிவிட்டு, சிறுத்தையின் காலைப் பிடித்திருந்த வேரைக் கொம்பால் நெம்பியது. கால் விடுபட்டது. சிறுத்தை சேற்றிலிருந்து தன்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. பாறைக்குப் போகும் வழியில் கூட்டம் நின்றதால், நொண்டியபடியே எதிர்ப்புறத்துப் புதருக்குள் நுழைந்து மறைந்தது.

"விட்டுவிட்டாயா!" கட்டையனுக்கு வாயில் நுரை தள்ளியது. "கையில் கிடைத்ததை விட்டுவிட்டாயே, கோழை!"

"பழி தீர்க்க வேண்டாமா?" என்று கத்தியது ஒரு மான்.

"நான் ஒன்று சொல்கிறேன்!" என்றது கட்டையன். "குட்டிகள் பாறையில்தான் இருக்கின்றன. தாய் இப்போது அங்கே இல்லை. அதற்குக் காலும் உடைந்துவிட்டது. குட்டிகள் வளர்ந்தால் அவையும் நம்மைத்தானே தின்னும்? வாருங்கள், மிதித்துவிட்டு வருவோம்!"

"வாருங்கள்! இனி என்ன பயம்?" என்று எல்லோருக்கும் முன்னால் குரல் கொடுத்தது யார் தெரியுமா? சிங்காரம்!

அதுவரை நடுங்கிக்கொண்டிருந்தவை எல்லாம் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு பாறையில் ஏறின. அவற்றின் கண்கள் மாறிப்போயிருந்தன. பொன்னியின் குட்டி அந்தக் கண்களைப் பார்த்தது. அவை தன் சொந்தக் கூட்டத்தின் கண்கள் என்று அதனால் நம்ப முடியவில்லை. அது பயந்துபோய் ஒரு கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

பாறை இடுக்கின் வாசலுக்கு அவை வந்து சேர்ந்தபோது, அங்கே முகிலி நின்றிருந்தது. யானைத்தடம் வழியாக ஓடி அது முன்னாலேயே வந்துவிட்டது. தோளிலிருந்து ரத்தம் வழிந்தது. அதன் பின்னால், இருட்டான இடுக்குக்குள், ஏதோ மெல்லிய குரலில் முனகியது.

"தள்ளு!" என்றது கட்டையன்.

"மாட்டேன்."

"நேற்றுவரை நான் முட்டியபோதெல்லாம் ஒதுங்கிப் போனாயே! இன்றைக்கு என்ன வந்தது?"

"அது என் இடம். அதை விட்டுக்கொடுத்தேன். இது அந்தக் குட்டிகளின் உயிர். அதை எப்படி நான் விட்டுக்கொடுப்பேன்?"

கட்டையன் பாய்ந்தது. அதன் கோரைப்பல் முகிலியின் முன்னங்காலைக் கிழித்தது. முகிலி அசையவில்லை. கட்டையன் மறுபடியும் பாய்ந்தது. இந்த முறை முகிலி நெற்றியைத் தாழ்த்தியது. ஒரே ஒரு தள்ளு! கட்டையன் தரையில் மல்லாந்தது. அதன் கழுத்தின் இருபுறமும் இரண்டு கொம்புகள் மண்ணில் இறங்கி நின்றன.

 கட்டையனுக்கு வானம் தெரியவில்லை. முகிலியின் பெரிய நெற்றி மட்டும்தான் தெரிந்தது. இவ்வளவு பலம் உள்ளவளையா நான் இத்தனை நாள் முட்டினேன்! நினைத்தபோதெல்லாம் என்னை நசுக்கியிருக்கலாமே! என்று அதற்கு உறைத்தது.

"கட்டையா," என்றது முகிலி மெதுவாக. "இந்தக் கொம்பு எனக்கு ஆண்டவர் கொடுத்தது. என் கோபம் சொல்கிற இடத்தில் இது குத்தாது. உன்னையும் குத்தாது. ஆனால் நான் இங்கிருந்து நகரமாட்டேன்."

கொம்புகள் மண்ணிலிருந்து வெளியே வந்தன. கட்டையன் எழுந்து தள்ளாடிப் பின்னால் போனது.

"குட்டிகள் வளர்ந்து வந்தால்?" என்று கூட்டத்தில் ஒரு முயல் நடுங்கிக்கொண்டே கேட்டது.

"வரட்டும். அன்றைக்கும் நான் உங்களுக்கு முன்னால் நிற்பேன்," என்றது முகிலி. "ஆனால் கண் திறக்காத ஒன்றை மிதித்துக் கொன்றுவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தால், அது நம் தொண்டையில் இறங்குமா?"

 முகிலியின் பார்வை சிங்காரத்தின் மேல் வந்து நின்றது.

"சிங்காரம், காலைத் தூக்கினாயே. பிறகு ஏன் மெதுவாக வைத்தாய்?"

 சிங்காரத்தின் கொம்புகள் கிடுகிடுத்தன. "அது... சிறுத்தை என்னைத் தொடமாட்டேன் என்று சொன்னது," என்றது. "சும்மா இருந்தால் போதும் என்றது. சாந்தமாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம், முகிலி! உயிர்ப் பயம்!"

"துரோகி!" என்று கூட்டம் பொங்கியது. தாய்மான்கள் கொதித்தெழுந்தன. "உன்னால்தானே எங்கள் பிள்ளை போயிற்று! இவனைக் குத்துங்கள்!"

சிங்காரம் பின்வாங்கியது. பின்னால் பாறை விளிம்பு. கீழே ஆழம். ஓட இடமில்லை.

"சிங்காரம், என் பக்கத்தில் வந்து நில்!" என்றது முகிலி. பிறகு கூட்டத்தைப் பார்த்து, "அவன் செய்தது பெரிய தப்பு. சாந்தம் என்ற பெயரில் பயத்தை ஒளித்துவைத்தான். ஆனால் இன்றைக்கு இந்தப் பாறையில் யாரும் சாகக்கூடாது," என்றது.

தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு சிங்காரம் வந்து முகிலியின் அருகில் நின்றது.

அப்போதுதான் மேலே சரளைக்கல் உருண்டது.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பாறையின் உச்சியில் சிறுத்தை நின்றது. சேறு காய்ந்த உடம்பு. மஞ்சள் கண்கள். ஒரு காலைத் தூக்கிப் பிடித்திருந்தது. கூட்டம் உறைந்துபோனது. 

சிறுத்தை ஒவ்வோர் அடியாக இறங்கி வந்தது. முகிலி இடுக்கின் வாசலிலிருந்து கொஞ்சம் விலகியது. ஆனால் சிறுத்தைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் சுவர்போல நின்றுகொண்டது.

சிங்காரத்தின் மூக்கில் அந்த வாடை அடித்தது. அதன் நான்கு கால்களும் ஓடத் துடித்தன.

"ஓட வேண்டுமென்றால் ஓடு," என்று மெல்லச் சொன்னது முகிலி. "நான் குறை சொல்லமாட்டேன்."

சிங்காரம் ஓடவில்லை. பற்கள் கடகடவென்று அடித்துக்கொள்ள, கண்களை இறுக்கி மூடிக்கொண்டு, முகிலியோடு ஒட்டி நின்றது. சிறுத்தையின் மீசை அதன் விலாவை உரசும் அளவுக்கு நெருங்கி, கடந்து போயிற்று.

சிறுத்தை இடுக்குக்குள் போய், ஒரு குட்டியின் கழுத்தைக் கவ்வி வெளியே வந்தது. மேலே ஏறி மறைந்தது. திரும்பி வந்தது. இன்னொரு குட்டியைக் கவ்வியது. போகும்போது முகிலியைத் திரும்பிப் பார்த்தது.  மேற்கு மலையின் சரிவில் அது ஏறிப் போவதை, கண்ணுக்குத் தெரியும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அன்றைக்கும் அவை பயந்து பயந்துதான் தண்ணீர் குடித்தன. பயம் ஒரே நாளில் போய்விடுமா? ஆனால் மூன்றாவது வாயும், நான்காவது வாயும் தொண்டையில் இறங்கின. தாய்மான்கள் சிங்காரத்தோடு பேசவில்லை. அதற்கு வெகுநாள் ஆயிற்று. அவற்றை வற்புறுத்தி யாரும் பேசவைக்கவும் இல்லை.

முகிலி மட்டும் குடிக்கவில்லை. ஒரு கல்லருகே மடிந்து உட்கார்ந்துவிட்டது. அதன் பெரிய உடம்பு முழுவதும் உதறிக்கொண்டிருந்தது. காயங்களில் ஈக்கள் மொய்த்தன.

கட்டையன் தூரத்தில் நின்று பார்த்தது. கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் நடந்தது. பிறகு மடுவின் ஓரத்துக்குப் போய், குளிர்ந்த சேற்றை மூக்கால் அள்ளிக் கொண்டுவந்து, தான் கிழித்த காலில் மெதுவாகப் பூசியது. ஈக்கள் பறந்தன. மறுபடியும் போய் அள்ளி வந்து தோளிலும் பூசியது.

"முகிலியக்கா," என்றது. அது முகிலியை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "உனக்குமா பயமாக இருந்தது?"

"இருந்தது கட்டையா," என்றது முகிலி. "சிறுத்தையைப் பார்த்துக் கொஞ்சம். உங்களைப் பார்த்துக் கொஞ்சம். என்னைப் பார்த்துத்தான் ரொம்ப."

 கட்டையன் முகிலியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

பலம் இல்லாததாலோ பயத்தினாலோ வாயை மூடிக்கொண்டிருப்பது சாந்தம் அல்ல. தனக்கு வரும் அவமானத்தைப் பொறுத்துக்கொண்டு, தன் பலத்தை ஆண்டவர் கையில் ஒப்படைத்து, எளியவர்களுக்காக ஓர் அடியும் பின்வாங்காமல் நிற்பதே இயேசு நமக்குக் காட்டிய சாந்தம்.